அந்தப் பழைய குழாயைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

இந்தியாவில் சொகுசு கார் விற்கும் நிறுவனங்களின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

கோவை கணபதியில் பம்ப்செட் செய்து விற்பவன் நான். இருபத்தாறு வருடமாக இதே தொழில். உங்களில் ஒருவர் விற்ற காரை நான்கு வருடத்துக்கு முன் வாங்கினேன். யாருடைய கார் என்று இங்கே எழுதப்போவதில்லை. என் ஒருவனுடைய பில்லைக் காட்டி ஒரு பெயரைக் கெடுக்கும் எண்ணம் இல்லை. அதுபோக, வேறு கம்பெனி கார் வைத்திருக்கும் நண்பர்களிடம் விசாரித்தால், ஷோரூம் பெயரை மட்டும் மாற்றிவிட்டு அவர்களும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

போன தை மாதம் ஈரோட்டில் ஒரு கல்யாணம். முடித்துவிட்டு அம்மாவோடு திரும்பிக்கொண்டிருந்தேன். இரவு பத்தரை. விஜயமங்கலம் டோல்கேட் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், 'இன்ஜின் அதிக சூடு, வண்டியை நிறுத்தவும்' என்று திரையில் சிவப்பாக வந்தது. ஓரம் கட்டி பானட்டைத் திறந்தால் ஒரே ஆவி. வெல்லப்பாகு காய்ச்சுகிற மாதிரி, இன்ஜினைக் குளிரவைக்கும் திரவமான கூலண்ட்டின் இனிப்பு வாசனை. உங்கள் அவசர உதவி எண்ணில் அழகான குரலில் ஒரு பெண், நான் இருக்கும் இடத்தைக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடாத குறையாக விசாரித்தார். டோ வண்டி வந்து சேர இரண்டேமுக்கால் மணி நேரம். நடுவில் வாழைத்தார் ஏற்றிவந்த டெம்போக்காரர் நிறுத்தி, "ஏனுங்க, தண்ணி வேணுங்களா?" என்று கேனோடு இறங்கினார். சூட்டில் மூடியைத் திறக்கக் கூடாது என்று அவரே சொல்லி, கேனை வைத்துவிட்டு நின்றார். எழுபத்தெட்டு வயது அம்மாவை அவர் வண்டியில்தான் வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் அம்மா சொன்னது: "அந்த வண்டி நல்லா உசரமா, காத்தோட்டமா இருந்துச்சு சாமி."

கார் நின்றுபோனதற்காக இந்தக் கடிதம் எழுதவில்லை. இரும்பும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த எதுவும் ஒரு நாள் நிற்கும். அது எனக்குத் தெரியாததா? அதற்கு முந்தின பதினான்கு மாதத்தில் 'கூலண்ட் குறைவு' என்று மூன்று முறை எச்சரிக்கை வந்து, மூன்று முறையும் உங்கள் சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுபோனேன். மூன்று ஜாப் கார்டும் என் மேசை மேல் இருக்கின்றன. மூன்றிலும் ஒரே வரி: 'கூலண்ட் டாப்-அப் செய்யப்பட்டது. கசிவு தென்படவில்லை.' மூடிவைத்த சுற்றில் ஓடும் திரவம் எங்கே போனது என்று ஒருவரும் எழுதவில்லை. நான் கேட்டதற்கு சர்வீஸ் அட்வைசர், "வெயில் காலம் இல்லீங்களா சார்" என்றார். மூன்றில் ஒன்று மார்கழி மாதம்.

வாரண்டி முடிந்து ஒன்பது வாரம் கழித்துத்தான் வண்டி விஜயமங்கலத்தில் நின்றது. கழற்றிப் பார்த்ததில் இன்ஜின் ஓரமாகப் போகும் ஒரு பிளாஸ்டிக் குழாய், இணைப்பு இடத்தில் விரிசல். சூடு ஏறி இறங்க, ஏறி இறங்க, அந்த ரகப் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகிவிடும். எடை குறைய வேண்டும், புகை விதிகளுக்கு உட்பட வேண்டும் என்று நீங்கள் அதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அதிலும் எனக்குச் சண்டை இல்லை. சூட்டில் இன்ஜினின் மேல்மூடியான ஹெட் வளைந்துவிட்டது. எஸ்டிமேட் 4,60,000 ரூபாய். காரணம் என்ற கட்டத்தில் இப்போது எழுதியிருப்பது: 'எலி கடித்திருக்கலாம்.' குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பல் தடம் இல்லை, நேர்கோட்டில் ஒரு வெடிப்பு. கோவையில் எலிக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் ஸ்கேல் வைத்துக் கடிக்கிற எலியை நான் பார்த்ததில்லை.

என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பல்லடத்திலிருந்தோ உடுமலையிலிருந்தோ ஒரு விவசாயி எரிந்துபோன மோட்டாரை டாடா ஏஸில் போட்டுக் கொண்டுவந்தால், அவர் எதிரிலேயே கழற்றுவோம். வைண்டிங் எரிந்ததா, புஷ் தேய்ந்ததா, வோல்டேஜ் குறைவில் ஓட்டினாரா, எங்கள் பையன் இன்சுலேஷன் பேப்பரைச் சரியாக வைக்கவில்லையா என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதி, அவரும் கையெழுத்துப் போடுவார். எங்கள் தப்பாக இருந்தால் காசு வாங்குவதில்லை. நல்லவன் என்று காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. அந்த நோட்டு இல்லாவிட்டால் அடுத்த வருடமும் அதே தப்பைச் செய்துகொண்டிருப்பேன். பன்னிரண்டாயிரம் ரூபாய் மோட்டாருக்கு இருக்கிற நோட்டு, அறுபது லட்ச ரூபாய் காருக்கு ஏன் இல்லை?

நோட்டு இல்லாமல் இல்லை, உங்களிடம் இருக்கிறது. வண்டியின் கணினியில் பிழைக் குறியீடு தேதியோடு பதிவாகிறது. எந்த மாடலில் எந்தக் குழாய் உடைகிறது என்று டீலர்களுக்கு நீங்கள் சுற்றறிக்கை அனுப்புகிறீர்கள். அமெரிக்காவில் அதன் நகலை நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறைக்கும் கொடுத்தாக வேண்டும். அது இணையத்தில் கிடக்கிறது, யாரும் படிக்கலாம். இங்கே வண்டியின் சொந்தக்காரன் கேட்டால், "அது இன்டர்னல் டாக்குமென்ட் சார்."

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியாவைப் பாருங்கள். 2018 கோடையில் அங்கே பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீப்பிடித்தன. அதுவும் கூலண்ட் சமாச்சாரம்தான். புகை மறுசுழற்சிக் கூலரில் கசிந்த திரவம் கரிப்படிவத்தோடு சேர்ந்து, சூட்டில் பற்றிக்கொண்டது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தார்கள். சோதனை முடிக்காத வண்டிகளை ரோட்டில் ஓட்டவே அரசு தடை போட்டது. சில பார்க்கிங் இடங்களில் அந்தக் கார்களை உள்ளே விடவில்லை. நிறுவனம் குறையை மறைத்தது, தாமதமாகச் செயல்பட்டது என்று விசாரணைக் குழு சொன்னதும், அந்த டிசம்பரில் 1,120 கோடி வோன் அபராதம். அடுத்த மாதமே, 2019 ஜனவரியில், திரும்பத் திரும்பப் பழுதாகும் புதுக் காரை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ வேண்டும் என்ற சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்தே அப்படிச் சட்டம் இருக்கிறது. முதல் ஆறு மாதத்தில் தெரியும் குறை, விற்கும்போதே இருந்ததாகத்தான் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. நம் நாட்டில் அந்தப் பாடு வாங்கியவன் தலையில்.

இங்கேயும் 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயத் திரும்ப அழைப்பு விதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டி, உயிருக்கோ சுற்றுச்சூழலுக்கோ ஆபத்தான குறை, குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார். நடுரோட்டில் ஆவி விட்டு நிற்பது அதில் எந்தக் கட்டத்தில் வரும்? வருடத்துக்குச் சில நூறு மட்டுமே விற்கும் மாடல்களில், ஒரே குறை உள்ள இரண்டு பேர் ஒருவரை ஒருவர் சந்திப்பதே அதிர்ஷ்டம்.

மிச்சம் இருப்பது நீதிமன்றம். ஹைதராபாத்தில் ஒரு நிறுவனம் 2009 செப்டம்பரில் பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் வாங்கியது. வாங்கிய நான்காம் நாளே கோளாறு. உச்ச நீதிமன்றம் 50 லட்ச ரூபாய் கொடுத்து முடிக்கச் சொன்னது 2024 ஜூலையில். நடுவில் 2012-இல் புதுக் கார் தர பிஎம்டபிள்யூ முன்வந்தது, வாங்கியவர்தான் பணமாகக் கேட்டு மறுத்தார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அதே 2024 ஜூலையில் இன்னொரு தீர்ப்பு, இருக்கைகளுக்கு நடுவே உள்ள மேடு சுட்டெரித்த ஒரு மெர்சிடிஸ் பற்றியது. கம்பெனி பேரில் வாங்கினாலும் இயக்குநர் சொந்தமாக ஓட்டும் கார் வணிக நோக்கத்தில் சேராது, அவரும் நுகர்வோர்தான் என்று அதில் தெளிவாகிவிட்டது. என் காரும் கம்பெனி பேரில்தான். ஆகவே "நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று தொடங்கும் அந்தப் பதில் கடிதத்தைத் தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.

நல்லபடி நடந்த கதையும் உண்டு. 1989-இல் டொயோட்டாவின் சொகுசு காரான லெக்ஸஸ் என்ற பெயரே அமெரிக்காவில் மூன்று மாதக் குழந்தை. இரண்டு புகார்தான் வந்தது. விற்ற சுமார் 8,000 கார்களையும் திரும்ப அழைத்து, வீட்டிலிருந்தே எடுத்துப்போய், சரிசெய்து, கழுவி, பெட்ரோல் நிரப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். இருபது நாளில் வேலை முடிந்தது. எட்டாயிரம் கார் விற்றிருந்த ஒரு புது பிராண்டால் முடிந்த காரியம் இது.

எனக்குக் கிடைத்தது 'நல்லெண்ணச் சலுகை'. பில்லில் நாற்பது சதவீதம் தள்ளுபடி. பதிலுக்கு, இந்தக் குறை பற்றி எங்கும் பேசமாட்டேன், எழுதமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து. தாளை நீட்டிய பையனுக்கு என் மகன் வயது இருக்கும். அவன் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. எழுதச் சொன்னதை அவன் எழுதுகிறான், அவ்வளவுதான். டீலரைக் கேட்டால் கம்பெனி முடிவு என்கிறார். கம்பெனிக்கு எழுதினால் டீலர் தனி நிறுவனம் என்று பதில் வருகிறது. கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். வண்டி சர்வீஸுக்கு வரும்போதெல்லாம் பிழைக் குறியீடுகளை அச்செடுத்து ஜாப் கார்டோடு தாருங்கள். 'தென்படவில்லை' என்று எழுதுமுன் என்னென்ன சோதனை செய்தீர்கள் என்று எழுதுங்கள். வாரண்டிக்குள் பதிவான குறை வாரண்டி முடிந்த பிறகு உடைந்தால், அதை வாரண்டிக் கணக்கில் வையுங்கள். ஒரே குறைக்கு மூன்றாம் முறை வருகிறவனிடம் டாப்-அப் கேனோடு வராமல், சுற்றறிக்கையோடு வாருங்கள்.

கார் இன்னும் உங்கள் பட்டறையில் மூன்றாம் நம்பர் இடத்தில், ஹெட் இல்லாமல் நிற்கிறது. வரும் திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு, இருபது வருடமாக மோல்டிங் வேலை பார்க்கும் ஒருவரை அழைத்துக்கொண்டு வருகிறேன். உடைந்த குழாயைப் பழைய துணியில் சுற்றி, என் வண்டி எண் எழுதி, அலமாரியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அது ஸ்கிராப்பில் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பம்ப்செட் உற்பத்தியாளன்
கணபதி, கோயம்புத்தூர்