டெத் வேலிக்கு வண்டிய எடுக்குற கலிபோர்னியா தமிழ் மக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் மக்களே,

டிசம்பர் லீவு விட்டா நம்மாளுங்க நிறைய பேரு டெத் வேலிக்கு கிளம்பிடுறீங்க, சாப்ரிஸ்கி பாயிண்ட்ல சூரிய உதயம், பேட்வாட்டர் உப்பு மேல நின்னு ஒரு ஃபேமிலி போட்டோ, மதியத்துக்குள்ள வேகஸ். சாப்ரிஸ்கிங்கிறதே போராக்ஸ், அதாவது வெங்காரம் எடுக்குற கம்பெனில பெரிய பொறுப்புல இருந்தவரோட பேருங்க. அங்கேருந்து ஒரு மைலுக்கு கொஞ்சம் மேல போனா டுவென்டி மியூல் டீம் கேன்யன், மண் ரோடு, ஒன் வே. அதுக்குள்ள பத்து நிமிஷம் வண்டிய நிறுத்தி இறங்கிப் பாருங்கன்னு கேக்கத்தான் இத எழுதுறேன்.

போன குளிர்காலத்துல அங்க ஒரு தம்பி வெள்ளையா ஒரு கல்ல கைல வச்சிருந்தான், "குவார்ட்ஸ் அங்கிள்"னான். நகத்தால கீறிப் பாருன்னேன், மாவு மாதிரி உதிர்ந்துச்சு. குவார்ட்ஸ்ல நகம் இறங்கவே இறங்காது. அவங்கப்பா அதுக்குள்ள இன்னும் நாலு கல்ல டிக்கில போட்டுட்டாரு, எனக்கு மனசு பதறிப் போச்சு.

அந்த மஞ்சக் களிமண் குன்றெல்லாம் சுமார் 50 லட்சம் வருஷம் முன்னாடி ஏரியோட அடி மண்ணு. தண்ணி உள்ள வரும், வெளிய போக வழி கிடையாது. சுத்தி எரிமலை, வெந்நீர் ஊற்று, அதுங்க பாறைலேருந்து கரைச்சுக் கொண்டுவந்த போரான்ங்கிற தனிமம் எல்லாம் ஏரில சேர்ந்து, வெயில்ல தண்ணி வத்த வத்த சேத்தோட சேத்தா படிஞ்சு, அப்புறம் மேல மண்ணு மூடி புதைஞ்சு போச்சு. நம்ம ஊர் பத்தர் நகை பத்தவைக்கிறப்ப தொட்டு வைக்கிற வெங்காரம், கேரம் போர்டுல தூவுற பவுடர், ரெண்டுலயும் இருக்கிறது இதே போரான்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு சொல்றேன். பக்கத்துலயே மான்ட்டே பிளாங்கோன்னு ஒரு குன்று, அங்க கிடைச்ச இனியோயைட், மேயர்ஹாஃபரைட்ங்கிற ரெண்டு போரான் கனிமத்துக்கும் 1914ல பேரு வச்சாங்க. இந்த ரெண்டுலயும், சுரங்கத்துல தேடித் தேடி வெட்டின கோல்மனைட்லயும் கால்சியம், போரான் கணக்கு ஒண்ணேதான், தண்ணி மட்டும்தான் வித்தியாசம். இனியோயைட்ல 13 பங்கு தண்ணி, மேயர்ஹாஃபரைட்ல 7, கோல்மனைட்ல 5. இனியோயைட் தண்ணிய விட்டுட்டு மேயர்ஹாஃபரைட்டா மாறும், ஆனா வெளி வடிவம் பழைய படிகம் மாதிரியே நிக்கும். ஒரு கல்லு உள்ளுக்குள்ளயே இன்னொரு கல்லா மாறி இருக்குறத யோசிச்சுப் பாருங்க!

மழைல இந்தக் குன்றுலேருந்து கரைஞ்சு கீழ இறங்கின போரான்தான் பள்ளத்தாக்கு தரைல பஞ்சு உருண்டை மாதிரி யூலெக்சைட்ங்கிற இன்னொரு போரான் கனிமமா பூத்துச்சு. 1881ல அத ஆல்கஹால், ஆசிட் ஊத்திக் கொளுத்தி, பச்சையா எரியுதான்னு பார்த்து உறுதி பண்ணாங்க. 1883லேருந்து 1888 வரைக்கும் ஹார்மனி போராக்ஸ் ஒர்க்ஸ்ல சீனத் தொழிலாளிங்க அதக் கையால பொறுக்கி சேர்த்தாங்க, கோவேறு கழுதைங்க 165 மைல் இழுத்துட்டுப் போச்சு. பின்னாடி ரையன்ங்கிற இடத்துல குன்றுக்குள்ளயே சுரங்கம் வெட்டினாங்க, 1920கள் கடைசில போரான்ங்கிற ஊர் பக்கம் சுலபமா வெட்டுற சரக்கு கிடைச்சதும் ரையன மூடிட்டாங்க. கடைசியா இருந்த பில்லி சுரங்கமும் 2005ல நின்னு போச்சு.

அதனால தயவுசெஞ்சு கல்ல எடுக்காதீங்க, நேஷனல் பார்க்ல அது சட்டப்படியும் தப்பு. பழைய சுரங்க வாய்க்குள்ள பசங்கள விடவே விடாதீங்க, மேல இருக்குறது வெறும் களிமண்ணு. மழை பேஞ்சிருந்தா அந்த ரோட்டுப் பக்கமே போகாதீங்க, டயர் வழுக்கும். காஞ்சிருந்தா சாதா கார் போதும். காலைல சாய்வா வெயில் விழுறப்ப போங்க, களிமண்ணுக்கு நடுவுல வெள்ளைக் கோடு கோடா மின்னும், பசங்கள அங்க உக்கார வச்சு காட்டுங்க.

இப்படிக்கு,
வருஷா வருஷம் அங்க வர்ற உங்கள்ல ஒருத்தன்