‘அது உன்பாடு’ என்று சொல்லாதவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான எங்கள் சபையாருக்கு,

இந்த மடலை எழுத மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. நன்றி என்றால் எதற்காக என்பதையும் சொல்லியாக வேண்டும்; அதுதான் கையைப் பிடித்து வைத்திருந்தது. ஆகவே முதலில் அதையே சொல்லிவிடுகிறேன். நோயாளிகளுக்கென்று நீங்கள் கொடுத்த உதவி நிதியிலிருந்து, பொருளாளராக இருந்த நான் என் கடனை அடைக்கப் பணம் எடுத்தேன். ஒருமுறை அல்ல. அடுத்த மாதம் வைத்துவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் எண்ணிக்கொண்டேன். திருட்டு என்ற சொல் மனதில் வரவே இல்லை. ‘கைமாற்று’ என்று அதற்கு மரியாதையான பெயர் சூட்டியிருந்தேன்.

அந்த நாட்களில் கர்த்தருடைய வருகையைப் பற்றிய பிரசங்கம் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். எல்லாரும் “ஆண்டவரே, வாரும்” என்று ஜெபிக்கும்போது நான் உதட்டை மட்டும் அசைப்பேன். உள்ளே வேறு ஜெபம் ஓடும்: இன்னும் கொஞ்சம் தாமதியும், கணக்கைச் சரிசெய்துவிடுகிறேன்.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸிடம்தான் சீஷர்களின் பணப்பை இருந்தது என்று யோவான் தன் சுவிசேஷத்தில் எழுதியிருப்பது என்னைத் தூங்கவிட்டதில்லை. ஆனால் அவனைப் பற்றி நாம் அதிகம் பேசாத ஒன்று உண்டு. காட்டிக்கொடுக்க வாங்கிய முப்பது வெள்ளிக்காசையும் அவன் திருப்பிக் கொண்டுபோனான். பாவம் செய்தேன் என்று வாய்விட்டே சொன்னான். அவன் போய் நின்றது பிரதான ஆசாரியருக்கும் மூப்பருக்கும் முன்னால். “எங்களுக்கென்ன, அது உன்பாடு” என்றார்கள் அவர்கள்; நீயே பார்த்துக்கொள் என்று கைவிட்டார்கள். மத்தேயு 27ஆம் அதிகாரத்தில் அந்த வாக்கியத்தைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆகும். இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவும் அதே இரவில் விழுந்தவன்தான். ஆனால் உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில் கரிநெருப்பு மூட்டிக் காத்திருந்த காலையில், அவன் மற்றச் சீஷர்களோடு படகில் இருந்தான். அவர்கள் அவனைத் தள்ளிவிட்டிருக்கவில்லை.

மூப்பர் ஐயா, பிழையை முதலில் கண்டவர் நீங்கள். “தம்பி, கணக்குப் புத்தகத்தை எடுங்கள், சேர்ந்து பார்ப்போம்” என்றீர்கள். அந்தச் ‘சேர்ந்து’ என்ற சொல்லுக்கு நன்றி. நீங்கள் அதை மூடி மறைக்காததற்கும் நன்றி. இரண்டு நாள் உங்கள்மேல் கடுங்கோபம் இருந்தது. மறைத்துக் கொடுப்பதும் ‘அது உன்பாடு’ என்று சொல்வதற்கு இன்னொரு வழிதான் என்பது பின்னால்தான் புரிந்தது.

போதகர் ஐயா என்னைச் சில மாதங்கள் திருவிருந்திலிருந்து விலகியிருக்கச் சொன்னார். ஆனால் அந்த மாதங்களில் வாரந்தவறாமல் வீட்டுக்கு வந்து, பாவமன்னிப்புக்காக மன்றாடும் 51ஆம் சங்கீதத்தை என்னோடு வாசித்தார். தவணைக்கு ஒப்புக்கொண்ட கமிட்டியாருக்கும் நன்றி. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகச் சொன்னான். நான் திருப்பிக் கொடுத்தது எடுத்ததை மட்டும், அதுவும் பதினெட்டு மாதங்களில். என் மனைவியைப் பற்றி எழுதினால் “இதெல்லாம் எதற்கு” என்பாள். விட்டுவிடுகிறேன்.

அக்கா, உங்களுக்குத்தான் எழுதச் சொற்கள் வரவில்லை. உங்கள் சிகிச்சைக்கான உதவி இரண்டு மாதம் தாமதமானது என்னால். அதைச் சொல்ல வந்து வாசலில் நின்றேன். நீங்கள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “எனக்குக் கோபம் இருக்கிறது. இருந்தாலும் உள்ளே வந்து உட்காருங்கள்” என்றீர்கள். மன்னித்துவிட்டேன் என்று அன்று நீங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கவும் மாட்டேன்.

அபிஷேகம் பெற்றவர் என்று பொருள்படும் ‘மேசியா’ என்ற எபிரெயச் சொல் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இரண்டே இடங்களில்தான் வருகிறது, இரண்டும் யோவானில். ஒன்று, சீஷனான அந்திரேயா தன் சகோதரன் பேதுருவிடம் சொல்வது. மற்றது கிணற்றருகே சமாரியப் பெண் சொல்வது. மேசியா வருவார் என்று அவள் சொன்னபோது, நானே அவர் என்றார் இயேசு. அதற்கு முன்பே அவளுடைய வாழ்க்கை முழுவதும் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் செய்ததையெல்லாம் சொன்னார் என்று ஊருக்குள் ஓடி அறிவித்தாளே, அந்த மகிழ்ச்சி எனக்குப் புதிராகவே இருந்தது. உங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது கொஞ்சம் விளங்கியது, அக்கா.

காணிக்கை எண்ணும் மேசைப் பக்கம் நான் போவதில்லை. யாரும் கூப்பிடவும் வேண்டாம். ஆராதனை முடிந்ததும் நாற்காலிகளை அடுக்குகிறேன், அது போதும். போன ஞாயிறு “ஆண்டவரே, வாரும்” என்றபோது என் சத்தமும் வெளியே வந்துவிட்டது. முன்வரிசையிலிருந்த மூப்பர் ஐயா திரும்பிப் பார்த்தார்.

அன்புடன்,
உங்கள் பழைய பொருளாளர்