சோப்புக் காணிக்கை

பாளையங்கோட்டை,
9-11-2025, ஞாயிறு மாலை.

அன்புள்ள தம்பி,

கர்த்தருடைய கிருபையால் அம்மாவும் நானும் இங்கு சுகம். உன் சுகத்தையும் மருமகள், பேரன் சுகத்தையும் அம்மா மூலமாக அறிந்துகொள்கிறேன். நீ அவளோடு பேசும்போது நான் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறேன். அவள் போனை என்னிடம் நீட்டுவதற்குள் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடுகிறது. வேலை மிகுதியானவர்களுக்கு அப்படித்தான் இருக்கும், குறையாகச் சொல்லவில்லை. நம் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கும் நீ வரவில்லை. உன் பங்குக்கு வாங்கி வைத்த அசன விருந்துச் சோற்றை அம்மா மறுநாள் சூடாக்கித் தானே சாப்பிட்டாள். அதையும் குறையாகச் சொல்லவில்லை.

நீ ஒரு நண்பரோடு சேர்ந்து புதிய நிறுவனம் தொடங்கப்போவதாக அக்கா சொன்னாள். உன் உழைப்பின்மேல் எனக்கு எந்நாளும் சந்தேகம் இருந்ததில்லை. நம் தெருவில் உன்னைப்போல் கணக்குப் போடத் தெரிந்தவன் இன்றைக்கும் கிடையாது. ஆனால் முழுவதும் படித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. பங்குதாரர் என்ற சொல் எங்கே வந்தாலும் ஒரு வக்கீலிடம் காட்டிவிடு. நண்பர் நல்லவராகவே இருக்கட்டும்.

நான் எழுத வந்தது, கைதிகளுக்காக நான் ஆராதனை நடத்திவருகிற சிறைச் சபையைப் பற்றி. அடுத்த ஆண்டுக்கான அனுமதிக் கடிதத்தைப் புதுப்பிக்க வேண்டிய காலம் இது. எனக்கு எழுபத்து நான்கு வயதாகிறது. சிறையின் பெரிய கதவில் இருக்கிற திட்டிவாசலில் குனிந்து காலைத் தூக்கி வைக்கும்போது வார்டர் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த வேலை எப்படித் தொடங்கி எப்படி நிலைத்தது என்பதை உனக்கு நான் ஒருநாளும் உட்கார்ந்து சொன்னதில்லை.

தாத்தா கடைசிவரை ‘பார்ஸ்டல்’ என்றே சொல்லிவந்த கட்டிடம் அது. இளங்குற்றவாளிகளுக்கான பள்ளியாக இருந்தது 1968-இல் மத்திய சிறையாகியும் அவருடைய நாக்கு மாறவில்லை. நான் முதன்முதலில் அதற்குள் போனது 2003 கிறிஸ்துமஸுக்கு, நம் சேகரத்துச் சபைப் பாடகர் குழுவோடு. பாடினோம், கேக் கொடுத்தோம், சபைப் போதகரான ஐயர் ஜெபித்தார். திரும்பும்போது வெள்ளை உடுப்பில் நின்ற ஓர் ஆயுள் கைதி என்னிடம், “ஐயா, கேக்கு எல்லா வருஷமும் வருது. ஞாயித்துக்கெழமதான் வரமாட்டேங்குது” என்றார். அவரை நான் பெரியவர் என்றே எழுதுகிறேன். உனக்கு அவரைத் தெரியும்.

கண்காணிப்பாளருக்கு விண்ணப்பம் கொடுத்து, வருகிறவர்களின் பெயர், முகவரி, புகைப்படம் எல்லாம் இணைத்து, விசாரணை முடிந்து அனுமதி வர ஐந்து மாதமாயிற்று. அதிகாரி மாறும்போதெல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதல் ஞாயிறு ஒன்பது பேர் வந்தார்கள். மூன்று பேர் நாங்கள் யாரென்று பார்க்க வந்தவர்கள். ஒருவன் சுண்டல் உண்டா என்று கேட்டுவிட்டு நடுவில் எழுந்து போனான். விசாரணைக் கைதிகள் தங்கள் சொந்தச் சட்டையில் ஒரு பக்கம், தண்டனைக் கைதிகள் வெள்ளையில் மறுபக்கம், நடுவில் ஒரு வார்டர்.

சில காரியங்களில் நான் கண்டிப்பாக இருந்தேன். யாரிடமும் வழக்கு என்னவென்று கேட்கக் கூடாது, கடிதம் வாங்கி வெளியே கொண்டுவரக் கூடாது, ஜாமீனைப் பற்றி வாக்குக் கொடுக்கக் கூடாது. ஜெபித்தால் அடுத்த வாரமே கதவு திறக்கும் என்று முழங்கிவிட்டுப் போகிற பிரசங்கிமார் உண்டு. அடுத்த வாரம் ஜாமீன் தள்ளுபடியானவனுடைய முகத்தைப் பார்க்க அவர்கள் வருவதில்லை. ஞானஸ்நானம் கேட்கிறவரிடம், முதலில் வீட்டுக்கு எழுதித் தெரிவியுங்கள், பதில் வரட்டும் என்பேன். அப்படி இரண்டு ஆண்டு காத்திருந்தவரும் உண்டு, அதோடு விட்டுவிட்டவர்களும் உண்டு.

சிறைக்குள் மது கூடாது என்பதால் நற்கருணைக்கு அம்மா சனிக்கிழமை இரவே உலர் திராட்சையை ஊறப்போட்டு, காலையில் பிழிந்து வடிகட்டிப் பிளாஸ்டிக் பாட்டிலில் தருவாள். வாசலில் வார்டர் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார். ஒருமுறை, “இந்தத் தடவ சீனி கொஞ்சம் கூடிப்போச்சுன்னு அம்மாட்ட சொல்லுங்க” என்றார். அம்மா அதைக் கேட்டு இரண்டு நாள் சிரித்தாள்.

ஆனால் எல்லோரும் ஒன்றிலேயே குடிக்கிற நற்கருணைப் பாத்திரத்தால் சபை கலைந்துபோகவும் பார்த்தது. நம் பக்கத்தில் பலரை எது உள்ளே கொண்டுவந்ததோ, அந்தச் சாதியே பாத்திரத்தின் விளிம்பிலும் வந்து உட்கார்ந்திருந்தது. பெரியவர் வாய் வைத்த பிறகு அடுத்து முழங்கால்படியிட்டிருந்தவர் எழுந்து போய்விட்டார். அவரோடு ஆறு பேர். அப்பத்தைத் தோய்த்துக் கொடுத்துவிடலாம், அல்லது தனித்தனிச் சின்னக் கிண்ணங்கள் வாங்கலாம் என்று ஐயர் யோசனை சொன்னார். எனக்கும் அது வசதியாகத்தான் பட்டது. பெரியவர் ஒப்பவில்லை. “தனித்தனி டம்ளர் எங்க ஊரு டீக்கடையில இருந்துச்சுய்யா. அதுல வந்த சண்டைலதான் நான் இங்க இருக்கேன்” என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நற்கருணைக்கும் எல்லோரும் எடுத்து முடியும்வரை ஒதுங்கி நின்று, அவர் கடைசியாக வந்து குடித்தார். ஓர் ஆண்டுக்கும் மேல் அப்படி நடந்தது. பிறகு ஒரு ஞாயிறு, முதலில் எழுந்துபோன அதே மனிதர் பெரியவருக்கும் பின்னால் போய் நின்றுகொண்டார். சிறைகளில் சாதி பார்த்துப் பிரிக்கக் கூடாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதைப் பத்திரிகையில் படித்தபோது எனக்கு நினைவு வந்தது அந்த வரிசைதான்.

காணிக்கைப் பை எடுக்க வழியில்லை. உள்ளே யார் கையிலும் காசு கிடையாது. அதனால் கேன்டீனில் வாங்குகிற சோப்பில் மாதம் ஒன்று என்று அவர்களே ஒரு வழக்கத்தை வைத்தார்கள். ரிமாண்டில் வருகிறவன் பெரும்பாலும் உடுத்திய துணியோடு வருகிறான். அவன் எந்த மதம், எந்த வழக்கு என்று கேட்காமல் ஒரு சோப்பும் ஒரு பல்துலக்கியும் அவன் கைக்குப் போய்விடும். இது என் யோசனை அல்ல. என் யோசனையாக இருந்திருந்தால் துண்டுப் பிரதி கொடுத்திருப்பேன்.

அண்ணா நூற்றாண்டையொட்டி 2008-இல் அரசு மாநிலம் முழுவதும் 1405 ஆயுள் கைதிகளை விடுதலை செய்தபோது, எங்களில் பதினாறு பேர் ஒரே வாரத்தில் வெளியே போனார்கள். ஸ்தோத்திரம் செலுத்தினோம். மறு ஞாயிறு ராகம் எடுக்க ஆளில்லை. தன் ஆட்கள் போய்விட வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிற சபை வேறெங்கும் இருக்காது. ஏழு ஆண்டு முடித்தவர்களுக்கே அந்த விடுதலை, பெரியவருக்கு அதற்குச் சில மாதங்கள் குறைவு; 2018-இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விடுதலையிலும் அவர் வழக்கின் பிரிவு தடையாக நின்றது.

அமெரிக்காவில் லூசியானா மாநிலத்து அங்கோலா சிறைக்குள் 1995-இல் இறையியல் கல்லூரியே தொடங்கி, அதில் படித்த கைதிகளை இருவர் இருவராக மற்றச் சிறைகளுக்கு ஊழியத்துக்கு அனுப்புகிறார்கள் என்று மாப்பிள்ளை அனுப்பிய கட்டுரையில் படித்தேன். சரியான வழி அதுதான். நானோ முதல் பத்து ஆண்டும் பிரசங்கத்தை நானே செய்தேன், பாட்டையும் நானே குறித்தேன், வேத வாசிப்பை மட்டும் அவர்களுக்கு விட்டேன். நான் நடத்தியது ஆராதனை. அதைச் சபை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தம்பி, நீயும் யார் சொன்னாலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. இதை முன்பே எழுதிவிட்டேன் என்று தெரியும்.

பெரியவர் செப்டம்பரில் விடுதலையாகி, நேரே நம் வீட்டுக்கு வந்தார். அம்மா காபி கொடுத்தாள். குடித்துவிட்டு, “தம்பி நல்லா இருக்காங்களா?” என்று கேட்டார். எந்தத் தம்பி என்று கேட்டேன். நீ அந்த இரண்டு ஞாயிறும் முன்வரிசையில், நீலக் கட்டம் போட்ட சட்டையோடு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். பதினோரு ஆண்டு ஏன் சொல்லவில்லை என்றேன். “உள்ள வச்சு யாருட்டயும் எதுவும் கேக்கப்படாதுன்னு நீங்கதானய்யா சட்டம் போட்டீங்க” என்றார்.

எனக்குக் காய்ச்சல் இல்லை. 2014-இல் நீ அங்கே ரிமாண்டில் இருந்த பத்தொன்பது நாட்களில் வந்த இரண்டு ஞாயிறும் எனக்குக் காய்ச்சல் என்று சேகரத்தில் சொல்லச் சொன்னது நான்தான். அம்மா அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சமையலறைக்குப் போனாள். முதல் ஞாயிறு சட்டையைத் தேய்த்து, வேதாகமத்தை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தவன், செருப்பைப் போடாமல் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். அந்த வாசல் பதிவேட்டில் பத்து ஆண்டு ‘ஊழியர்’ என்று எழுதியிருந்தேன். உன்னைப் பார்க்க அம்மா மனுப் போட்டபோது படிவத்தை நிரப்பிக் கொடுத்தவனும் நான்தான். உறவுமுறை என்ற இடத்தில் ‘தாய்’ என்று எழுதினேன். வருபவர் எண்ணிக்கை, ஒன்று. வார்டர்களுக்கும் கைதிகளுக்கும் நடுவில் உன்னை என் மகன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ குற்றம் செய்தாய் என்று நான் ஒரு நிமிடமும் நம்பவில்லை. அது தெரிந்தே வராமல் இருந்தேன் என்பதுதான் இன்னும் மோசம். அன்று முதல், ‘காவலிலிருந்தேன், என்னைப் பார்க்கவந்தீர்கள்’ என்று வருகிற மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்தை அங்கே நான் பிரசங்கத்துக்கு எடுத்ததில்லை. யாராவது கவனித்திருப்பார்கள்.

நான் வராத அந்த இரண்டு ஞாயிறும் வார்டரிடம் கேட்டு அவர்களே ஆராதனையை நடத்தியிருக்கிறார்கள். பெரியவர் எழுத்துக்கூட்டி ஒரு சங்கீதத்தை வாசித்திருக்கிறார். ராகம் எடுத்தது நீ என்றார். உனக்கும் ஒரு சோப்பு கொடுத்தார்களாம். 2020 மார்ச்சில் நோய்க்காக வெளியாட்களை நிறுத்தியபோது, நான் இல்லாமல் அவர்கள் எப்படி இருப்பார்களோ என்று ஊரெல்லாம் கவலை சொல்லித் திரிந்தேன். அதை அவர்கள் எப்போதோ கற்றுக்கொண்டிருந்தார்கள். யாரால் என்பது எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

சென்ற ஞாயிறு அவர்களுடைய பாட்டு நோட்டை வாங்கிப் பார்த்தேன். அச்சுப் புத்தகம் கிழிந்துகொண்டே இருப்பதால் கையால் எழுதிவைத்த பழைய நோட்டு. அட்டைக்குச் சோப்பு உறையை ஒட்டியிருக்கிறார்கள். நடுவில் பதினான்கு பாட்டுகள் உன் எழுத்து. ‘ழ’வின் வாலை இடதுபக்கம் அவ்வளவு நீளமாக இழுக்காதே என்று உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். ஆண்டுக்கணக்காக அந்த நோட்டு என் எதிரில்தான் விரிந்து கிடந்திருக்கிறது.

பதினான்காம் பாட்டு மூன்றாம் சரணத்தின் பாதியில் நிற்கிறது. உனக்கு ஜாமீன் வந்த நாளாக இருக்கும். மீதி வரிகளை இதுவரை யாரும் எழுதவில்லை. அந்த இடம் வந்ததும் மனப்பாடமாகப் பாடிவிட்டு அடுத்த பக்கம் போகிறார்கள். அந்த வரிகள் எனக்கும் தெரியும். சட்டைப் பையில் பேனாவும் இருந்தது. நான் எழுதாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அனுமதி விண்ணப்பத்தை டிசம்பர் முதல் வாரத்துக்குள் கொடுக்க வேண்டும். அம்மா உனக்கு முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள். பார்சலில் அனுப்பினால் நொறுங்கிவிடும் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா