எத்தனை தடவை கட்டினாலும் அதே ஊர்தான் வருகிறது
நகரம் கட்டும் கணினி விளையாட்டுகளைச் செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து எழுதுகிறேன். எனக்கு விளையாட்டு செய்யத் தெரியாது. நீங்கள் செய்வதை இருபத்தைந்து வருடமாக விளையாடத் தெரியும். கூட்டாளி வீட்டில் கடன் வாங்கிய சி.டி.யில் சிம்சிட்டி 2000 பார்த்த நாளிலிருந்து, சம்பளம் இல்லாத மேயர் வேலை பார்த்துவருகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழையைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரையேறி எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. அரிசி மூட்டையை மாடிக்கு ஏற்றினோம், அம்மாவை ஏற்றினோம், கேஸ் சிலிண்டரை ஏற்றினோம். மேசைக்கு அடியில் இருந்த சிபியுவை ஒருத்தரும் நினைக்கவில்லை. தண்ணீர் வடிந்து சில நாள் கழித்து அதைத் திறந்தேன். மதர்போர்டு மேல் வண்டல் காய்ந்து, விரல் பட்டதும் அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. 2015-இல் சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் வந்ததிலிருந்து நான் கட்டிய எட்டு ஊர்கள் அதற்குள் இருந்தன.

வீடே போனவர்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும்போது இதற்கெல்லாம் வருத்தப்பட்டால் சிரிப்பார்கள். பேசாமல் இருந்துவிட்டேன். பொங்கல் கழிந்து வேறு கணினி வாங்கி, புது மேப்பில் புது ஊர் தொடங்கினேன். இரண்டே சாயங்காலத்தில் ஊர் எழும்பிவிட்டது. தள்ளி நின்று பார்த்தால் பழைய ஊர். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கினதும் ஒரு ரவுண்டானா. ஒரு ஓரமாகத் தொழிற்பேட்டை. ஆறு போகும் திசையில் கீழே சாக்கடைக் குழாய், மேலே குடிநீர்க் குழாய். நடுவில் கட்டம் கட்டமாகத் தெரு. மேப் வேறு, ஆறு வளைகிற திசை வேறு. ஊர் மட்டும் அச்சில் வார்த்த அதே ஊர். எட்டு ஊர் போயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஊரின் எட்டு நகல்தான் போயிருக்கிறது.

இது என் தலையில் உள்ள கோளாறா என்று யோசித்தேன். பாதி அப்படித்தான். மீதிப் பாதி உங்களுடையது.

சிம்சிட்டி 3000-இல் பிலிப்பைன்ஸ் மாணவர் ஒருவர் வருடக்கணக்கில் கணக்குப் போட்டு, 60 லட்சம் பேரை அடைத்த மாக்னசான்டி என்ற ஊரை 2010-இல் காட்டினார். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும், கம்பளம் நெய்ததுபோல. அந்த விளையாட்டில் அதைவிடப் பெரிதாக ஜெயிப்பது கஷ்டம். ஆனால் அந்த ஊரில் ஒரு நாள் குடியிருக்கச் சொன்னால் யாரும் போக மாட்டார்கள். எப்படி வேண்டுமானாலும் கட்டலாம் என்கிறீர்கள். கட்டலாம்தான். லாபம் தருவது ஒரு வழி மட்டும் என்றால், மற்ற ஒன்பதும் வழியா, சும்மா அலங்காரமா?

நீங்களும் சும்மா இருப்பதில்லை. புதுப் பஸ் ஸ்டாண்டு, புது ஸ்டேடியம், ஐரோப்பியக் கட்டடம் என்று கூடுதல் பொதி விற்கிறீர்கள். நானும் வாங்கினேன். அதே ஊருக்குப் புதுப் பெயின்ட் அடித்த மாதிரி ஆயிற்று. 'கடினம்' என்ற பொத்தானை அமுக்கினால் பல ஆட்டங்களில் கையிருப்புப் பணம் குறைகிறது, அவ்வளவுதான். கஞ்சத்தனமாக அதே ஊரைக் கட்ட வேண்டியதுதான்.

சிம்சிட்டி பிறந்த கதை உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஹெலிகாப்டரில் போய்க் குண்டு போடுகிற ஒரு விளையாட்டுக்காக வில் ரைட் தீவுகள் வரைந்துகொண்டிருந்தார். குண்டு போடுவதைவிடத் தீவு வரைவது ருசியாக இருந்தது. அந்த ருசிதான் 1989-இல் சிம்சிட்டியாக வந்தது. அப்படியென்றால் நிலம்தான் முதலில் வந்தது. அப்புறம் எப்போதோ நிலம் வெறும் தரையாகிவிட்டது.

எங்கள் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். இதை ஒரே ஊர் என்று சொன்னால் டவுன்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார், பாளைக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார். டவுன் நெல்லையப்பர் கோவிலைச் சுற்றி வளர்ந்தது. தேர் ஓடும் நான்கு ரத வீதிகள்தான் இன்றைக்கும் அங்கே போக்குவரத்தைத் தீர்மானிக்கின்றன. பாளையங்கோட்டை கோட்டையாலும் பள்ளிக்கூடங்களாலும் வளர்ந்தது. ஜங்ஷன் ரயிலால் வளர்ந்தது. நடுவில் ஆறு. 1843-இல் சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டுப் பாலம் கட்டும்வரை இக்கரைக்கும் அக்கரைக்கும் படகுதான். உங்கள் விளையாட்டில் பாலம் என்பது மவுஸை இழுக்கும் இரண்டு நொடி. ரத வீதி இடைஞ்சலாக இருந்தால் புல்டோசர், ஒரு கிளிக். எதை வேண்டுமானாலும் அழிக்கலாம் என்கிற ஊரில் பழசு என்று ஒன்று தங்காது. பழசு இல்லாத ஊர்கள் எல்லாம் ஒரே ஜாடைதான்.

என் அக்கா மகன் டிம்பர்பார்ன் விளையாடுகிறான். மனிதர்கள் இல்லாத உலகத்தில் நீர்நாய் மாதிரியான பீவர்கள் அணை கட்டி ஊர் நடத்துகிற விளையாட்டு. அதில் தண்ணீர் தண்ணீராகவே ஓடுகிறது. பள்ளத்தைத் தேடுகிறது, தேங்குகிறது, வழிகிறது. வறட்சி வந்தால் ஊற்று நின்றுவிடும். முதல் ஆட்டத்தில் பையன் மேட்டில் பெரிய அணையாகக் கட்டி நிரப்பிவிட்டு ஜம்பமாக உட்கார்ந்திருந்தான். கீழே அவனே போட்ட கேரட் வயல் பழுப்பாகிக்கொண்டு வருகிறது.

"ஏல, கீழ யாரு இருக்கான்னு பாக்க வேண்டாமா?" என்றேன்.

"மாமா, மதகைத் திறந்தா மேல குடிக்கத் தண்ணி இருக்காது."

"அப்ப யாருக்கு விடப்போற?"

பதில் இல்லை. ஆட்டத்தை நிறுத்திவைத்து ஐந்து நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஐந்து நிமிடம் என் எட்டு ஊரில் ஒன்றில்கூட எனக்குக் கிடைத்ததில்லை.

எங்கள் வீட்டில் அந்த ஐந்து நிமிடம் தினமும் உண்டு. அப்பா காலையில் பேப்பரைப் பிரித்ததும் பார்ப்பது பாபநாசம் அணை நீர்மட்டம். மொத்தம் 143 அடி. ஜூனில் அது எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் கார் நெல் சாகுபடிக்குத் திறப்பார்களா, அடுத்து வரும் பிசான சாகுபடிக்கு வைத்துக்கொள்வார்களா என்ற பேச்சே தொடங்கும். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் பிரிகிறது, கால்வாயிலிருந்து குளம், குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளம். மேலே ஒருத்தர் மடையைக் கூடுதலாக ஒரு நாள் திறந்துவைத்தால் கடைமடையில் நாற்று கருகும். ஆறு ஒன்றுதான். எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்து ஆட்டம் மாறிவிடும்.

இதை எனக்கு ஒரு மேப்பாகச் செய்து தாருங்கள். ஒரு தடவை என்னை மேல் அணைக்கட்டில் உட்காரவையுங்கள்: தண்ணீர் தாராளம், ஆனால் மலையும் காடும் நெருக்கும், கீழே இருக்கிறவர்கள் கேள்வி கேட்பார்கள். அடுத்த தடவை கடைசியில் போடுங்கள்: மிச்சம் வருவதைக் குளத்தில் பிடித்துப் பிழைக்க வேண்டும், செம்மணல் தேரிக்காட்டில் பனை ஏற வேண்டும், உப்பு விளைய வைக்க வேண்டும். துறைமுகம் கட்டினால் அது தூர்ந்துபோகட்டும். பாண்டியர் காலத்தில் முத்துக்குப் பேர்போன கொற்கை, ஆறு கொண்டுவந்த மண்ணால் கடலை விட்டுத் தள்ளிப்போய் இன்று உள்நாட்டுக் கிராமம். கட்டிய துறைமுகம் கைவிட்டுப் போகும் என்று தெரிந்தால், அதைச் சுற்றி ஒருவன் ஊரை எப்படி வைப்பான்? எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் விளையாடிப் பார்க்க ஆசை.

உங்களில் சிலர் இந்தப் பக்கம் ஏற்கெனவே வந்தவர்கள்தான். 1999-இல் வந்த, பழைய எகிப்தில் ஊர் கட்டுகிற ஃபேரோவில் நைல் வெள்ளம் எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான் விளைச்சல். பனியில் உறைந்த உலகத்தில் ஊரைக் காப்பாற்றுகிற ஃப்ராஸ்ட்பங்கில் ஒழுங்கா, மத நம்பிக்கையா என்று ஒரு வழியைப் பிடித்தால் மற்றது அடைபட்டுவிடும். மூடின கதவு இருப்பதால்தான் அடுத்த ஆட்டம் வேறாகிறது. ஆனால் பெரும் புயல் வரும் என்பது இரண்டாம் ஆட்டத்தில் தெரிந்துவிடுகிறதே, அங்கேதான் உப்பு குறைகிறது. அகெய்ன்ஸ்ட் த ஸ்டார்ம் நேர் எதிர். என்ன கட்டலாம் என்ற சீட்டே ஒவ்வொரு தடவையும் கலைந்து வருவதால் பழைய பாடம் செல்லாது. எனக்குப் பிடித்த ஆட்டம். ஒரு குறை: ஊர் சூடுபிடித்து, ஆட்கள் முகம் பழகும் நேரத்தில் 'முடிந்தது, அடுத்த ஊருக்கு நட' என்று கிளப்பிவிடுகிறது. வாடகை வீட்டில் இருக்கிற மாதிரி.

சிட்டீஸ் ஸ்கைலைன்ஸில் ஒரு வேடிக்கை உண்டு. பெரிய குடியிருப்பை ஒரே நாளில் திறந்தால் குடிவருகிறவர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். வருடங்கள் கழித்து மொத்தமாகச் சாவார்கள். பிணவண்டி பற்றாமல் ஊர் நாறும். எனக்கு ஞாபகம் இருக்கிற ஒரே ஊர் அப்படி நாறின ஊர்தான். அவசரப்பட்டு ஆளைக் குடியேற்றினது நான். அதன் பலன் இத்தனை வருடம் கழித்து வந்து நின்றது.

புதுக் கணினியைப் பரணுக்குப் பக்கத்தில் பலகை அடித்து உயரத்தில் வைத்திருக்கிறேன். மருமகன் ஸ்டூல் போட்டு ஏறித்தான் ஆன் செய்கிறான். மூன்றாம் ஆட்டம் தொடங்கியிருக்கிறான். இந்தத் தடவை மேட்டில் ஒரே பெரிய அணைக்குப் பதிலாகக் கீழ்வரை ஐந்து சின்ன அணை. இரண்டாவது வறட்சி நடக்கிறது. நான்காவது அணை வரை தண்ணீர் போய்விட்டது. ஐந்தாவதுக்கு இன்னும் போகவில்லை.

இப்படிக்கு,
எட்டு ஊர்களின் முன்னாள் மேயர்,
திருநெல்வேலி ஜங்ஷன்