வீட்டார் சொல்லும் ஆறுதலே ஓசிடிக்குத் தீனி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைச் சடங்குபோலச் செய்ய வைக்கும் மனநோய் ஓசிடி. ஞாயிறு இதழின் மனநலக் கட்டுரை அதை 'அளவுக்கு மீறிய சுத்தம்' என்று சொல்லி முடித்துவிட்டது. கை கழுவுவது வெளியே தெரிகிற பாதிதான். சாமி கும்பிடும்போது அசிங்கமான எண்ணம் வருவதும், கத்தியைக் கண்டால் பிள்ளையைக் குத்திவிடுவோமோ என்று பதறுவதும் இதே நோய்தான். அந்த எண்ணம் தமக்கே அருவருப்பாக இருப்பதால்தான் இவர்கள் துடிக்கிறார்கள். எங்கள் மலேசியத் தோட்டப்புறங்களில் வெளியே சொல்ல வெட்கப்பட்டு, மந்திரிப்பு, பரிகாரம் என்று ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள்.

"கேஸ் அடைச்சிட்டேனாம்மா?" என்று மகள் கேட்கிறாள். "அடைச்சிட்டே" என்றதும் பதற்றம் இறங்குகிறது. அந்த நிம்மதிக்குப் பழகிய மனம், அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகக் கேட்க வைக்கிறது. அன்பாகச் சொல்லும் பதிலே நோயை வளர்க்கிறது. அதற்காக ஒரே நாளில் பதிலை நிறுத்தினால் வீட்டில் சண்டைதான் வரும். முதலில் மகளிடம் பேசி ஒத்துக்கொள்ள வைத்து, ஒவ்வொரு கேள்வியாகக் குறைக்க வேண்டும். "இது ஓசிடி கேக்குற கேள்வி. நான் பதில் சொல்லல, ஆனா உன்கூடவே உட்கார்ந்திருக்கேன்" என்று சொன்னால் போதும்.

பயப்படுவதை எதிர்கொண்டு, சடங்கைச் செய்யாமல் இருந்து பழகுவது என்று 1966இல் உளவியலாளர் விக்டர் மேயர் வெளியிட்ட முறையே இன்றும் சிகிச்சைக்கு அடிப்படை. பயங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுங்கள். 30, 40 உள்ளதில் தொடங்கி, கதவுப் பிடியைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருங்கள். பதற்றம் தானாகத் தணிய அரை மணி, ஒரு மணி நேரம்கூட ஆகலாம். தினமும் செய்ய வேண்டும். பலருக்குப் பயிற்சி கெடுவது எங்கே என்றால், கையைக் கழுவாமல் மனசுக்குள் மந்திரம் சொல்லிச் சமாளிப்பதில். அதுவும் சடங்குதான். எடுத்த எடுப்பில் 90க்குப் போகிறவர்கள் பயந்து விட்டுவிடுகிறார்கள்.

மாத்திரையிலும் அவசரம் கூடாது. ஓசிடிக்கும் மனச்சோர்வுக்கும் தரும் செர்ட்ரலின் என்ற மருந்து வழக்கமாக 50 மில்லிகிராமில் தொடங்கும். ஓசிடிக்கு 200 வரை டாக்டர் கூட்டலாம். முதல் இரண்டு வாரம் குமட்டல் இருக்கலாம், பலனோ 8 முதல் 12 வாரம் கழித்துத்தான் தெரியும். குமட்டலை மட்டும் பார்த்து மருந்தை நிறுத்துகிறவர்கள் ஏராளம். குணம் தெரிந்த பிறகும் ஓராண்டாவது சாப்பிட்டு, டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகவே குறைக்க வேண்டும். இதே மருந்தை மனச்சோர்வுக்குச் சாப்பிட்டால் பலன் 2 முதல் 4 வாரத்தில் தெரியத் தொடங்கும். தேறிய பின் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். இளையோருக்கு முதல் வாரங்களில் சாவைப் பற்றிய எண்ணம் கூடுகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும்.

நீரிழிவுக்காரர்கள் நிறைந்த நம் சமூகத்தில் ஊசிப் பயத்தையும் சொல்லியாக வேண்டும். மற்ற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். ரத்தம், ஊசி கண்டால் வரும் பயத்திலோ திடீரென இறங்கி மயக்கம் வரும். உடம்பைத் தளர்த்தச் சொல்வது இவர்களுக்குத் தவறான யோசனை. கை, கால், வயிற்றுத் தசைகளை 10, 15 விநாடி இறுக்கி, 20, 30 விநாடி விட்டு, ஐந்து முறை செய்யச் சொல்லுங்கள். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக விடலாம்.

'தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க' என்று அங்குள்ள மனநல மருத்துவமனையை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலோர் அரசு கிளினிக்கிலேயே வெளிநோயாளியாகத் தொடங்கலாம்; குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). தற்கொலை முயற்சி மலேசியாவில் 2023 முதல் குற்றமும் இல்லை, ஆகவே போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டாம்.

மனநலக் கட்டுரை வரும் பக்கத்தில் 15555 என்ற சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண்ணையும், மனம் நொந்தவர்களுக்குக் காது கொடுக்கும், 24 மணி நேரமும் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் தொண்டு அமைப்பின் 03-76272929 எண்ணையும் கண்ணில் படும்படி அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்