காக்காயும் கப்பலில் வந்ததுதான்

அன்பு மகனுக்கு,

இங்கே மலேசியாவில் அம்மா நலம். மூட்டுவலி இப்போது தேவலாம். கார்த்திகை தீபம் முடிந்த மறு ஞாயிறு டீச்சரம்மா என்னைப் பறவை பார்க்கக் கூட்டிப்போனார். போனில் ஆற அமரச் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன்.

விடியுமுன் நம் தோட்டத்துக்குள்ளேதான் முதலில் போனோம். எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு நடுவே கூகைக்கென்று கம்பத்தில் பலகைப் பெட்டி வைத்திருப்பார்களே, அதனடியில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கறுப்பு உருண்டை கிடந்தது. டீச்சரம்மா குச்சியால் பிரித்துக் காட்டினார். எலி முடி, ஊசி மாதிரி விலா எலும்பு, மஞ்சளேறிய முன்பல்லோடு ஒரு மண்டையோடு. எலியை அப்படியே விழுங்கிவிட்டு, செரிக்காததைக் கூகை இப்படிக் கக்கிவிடுமாம். எலி கடித்த குலை எப்படி இருக்கும் என்று உதிரிப்பழம் பொறுக்கிய எனக்குத் தெரியும். கூகை அலறினால் உன் ஆயா வாசல் கதவைச் சாத்துவார். எனக்கோ அதைக் கும்பிடத் தோன்றியது.

பத்தாங் பெர்ஜுந்தை ஈயம் தோண்டிய பழைய லம்பக் குட்டைகளில் நீலத் தாழைக்கோழி பார்த்தோம். பெஸ்தாரி ஜெயா என்று பேர் மாற்றிவிட்டார்கள், எனக்கு வாயில் வரமாட்டேன் என்கிறது. ராஜா மூசா காட்டோரம் தண்ணீர் பால் விடாத தே ஓ நிறத்தில் நின்றது. அங்கே குரல்தான் கேட்டது, பறவை கண்ணில் படவில்லை. இலைதழை மக்கிச் சேர்ந்த அந்த மண்ணில் தண்ணீரை வடியவிட்டால் மண்ணே உள்ளுக்குள் புகைந்து எரியும். அந்தக் காட்டைத் தொடாமல் விட்டால் போதும்.

தஞ்சோங் காராங் வயலில் அறுப்பு இயந்திரத்துக்குப் பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் நடந்தன. தள்ளி, நத்தைகுத்தி நாரைகள். நம் நாட்டுக்குச் சில வருஷங்களாகத்தான் இவை வருகின்றன. நாற்றைத் தின்று தீர்க்கும் நத்தையை அலகால் நெம்பித் தின்கின்றன.

மத்தியானம் கோல சிலாங்கூரில் சாப்பிட உட்கார்ந்தோம். தட்டைச் சுற்றிக் காக்காய். நான் விரட்டப் போனேன், டீச்சரம்மா அதன் கதையைச் சொன்னார். 1890-களில் கிள்ளான் பக்கம் காப்பித் தோட்டங்களில் புழு பெருகியதாம். அதைத் தின்னட்டும் என்று சிலோனிலிருந்து காக்காயைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து விட்டார்களாம். காப்பி போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, காக்காய் இருக்கிறது. குயில்கூட அப்போது குளிர்காலத்துக்கு வந்துபோன விருந்தாளிதானாம். முட்டையிடக் காக்காய்க் கூடு கிடைத்த பிறகுதான் இங்கேயே தங்கியது.

எனக்கு அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை, ஐயா. உன் பாட்டனையும் தோட்ட வேலைக்கென்றுதானே கப்பலேற்றினார்கள்? வேலைக்குக் கொண்டுவந்த காக்காயை இப்போது தொல்லை என்று சுடுகிறார்கள். அமாவாசைக்கு நான் வைக்கும் சோற்றை எடுக்க வருவது அதன் பேரப்பிள்ளைகள்தான். மிச்சச் சோற்றை அதற்கே வைத்துவிட்டு எழுந்தேன்.

சாயங்காலம் அலை வற்றிய நேரத்தில் பாக்காவ் என்கிற அலையாத்திக் காட்டைத் தாண்டிச் சேற்றுவெளி. பவளக்காலிகள் சிவந்த காலோடு குடுகுடுவென்று ஓடி ஓடிக் கொத்தின. சைபீரியா, மங்கோலியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டுப் பனிக்குப் பயந்து வருகிறவை. அந்தக் கூட்டத்தில் சில உன் ஆஸ்திரேலியா வரைக்கும் போகுமாம். டீச்சரம்மாவின் தொலைநோக்கியை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை, அவரும் கேட்கவில்லை.

பங்குனி வாக்கில் இவை வடக்கே கிளம்பிவிடும். அதனால் தைப்பூசத்துக்கே வந்துவிடு. பத்துமலை முடிந்த மறுநாள் பேத்தியைச் சேற்றுவெளிக்குக் கூட்டிப்போகலாம், டீச்சரம்மா காரோட்டச் சம்மதித்துவிட்டார். குட்டிக்கு ரப்பர் பூட்ஸ் வாங்க வேண்டும், கால் அளவை உடனே எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா