துவக்குக் குழலை அறுக்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஒன்ராறியோவில் இலையுதிர்காலத் தாரா வேட்டை நெருங்கும்போதெல்லாம், உரிமம் எடுத்த நம்மவர்கள் சிலர் பழைய துவக்கொன்றை மலிவாக வாங்கி, குழலைக் குறைத்தாலோ குடைந்தாலோ இன்னும் நன்றாக அடிக்கும் என்று நம்பிப் பட்டறைக்குக் கொண்டுபோவதைக் காண்கிறேன். நானும் அப்படிச் செய்து வருந்தியவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நாணலுக்குள் திருப்ப நீளமாக இருக்கிறதென்று என் 30 அங்குலக் குழலில் 4 அங்குலத்தை அறுப்பித்தேன். தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகளான சன்னக் கூட்டத்தை ஒடுக்கி அனுப்பும் சோக் என்ற குறுகல், பழைய குழல்களில் வாயருகே கடைசிச் சில அங்குலத்தில்தான் இருக்கிறது என்பதை வேலை செய்தவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அறுந்து விழுந்த துண்டோடு அதுவும் போயிற்று. அந்தப் பருவத்தின் முதற் காலையில் மூன்று தாராக்கள் சிறகில் அடிபட்டு விழுந்தன. ஒன்றைத்தான் தேடி எடுக்க முடிந்தது. மற்ற இரண்டும் நாணலுக்குள் கிடந்து துடித்திருக்கும் என்ற நினைவு இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

‘12 போர்’ எனப்படும் விட்ட அளவுள்ள குழலில் முழுச் சோக் என்பது ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் ஒடுக்கம் மட்டுமே. ஈயச் சன்னமாயின், 40 யார் தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் நூற்றுக்கு 70 அளவில் விழ அது போதும். சோக் இல்லாத குழலில் 40 அளவுக்குக் குறைந்துவிடும். ஆனால் கனடாவில் நீர்ப்பறவை வேட்டைக்கு 1999 முதல் ஈயம் தடை. உருக்குச் சன்னம் ஈயத்தைப்போல நசுங்காது. ஆகவே குறைந்த சோக்கிலேயே நெருங்கிச் செல்லும், பழைய முழுச் சோக் குழலின் வாயைப் புடைக்கவைக்கவும் கூடும். அத்தகைய குழலில் சோக்கைச் சற்றுத் தளர்த்துவது நியாயமான வேலைதான். ஆனால் குழற் சுவரின் தடிப்பை அளந்த பின்பே கை வைக்கும் அனுபவசாலியிடம் கொடுக்க வேண்டும். உருக்கு இலேசானது, விரைவில் வேகம் இழப்பது. அந்தக் குறையை எந்தக் குடைவும் ஈடுசெய்யாது. பறவையை இன்னும் கிட்ட வரவிட்டே சுட வேண்டும். அறுத்த குழல் 457 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அது சட்டப்படி தடைசெய்யப்பட்ட துவக்காகிவிடும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

பட்டறைக்குப் போகும் முன், வழக்கமாகச் சுடும் தூரத்தில் பெரிய காகிதத்தை நிறுத்தி, வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே தோட்டாவால் ஐந்தாறு தடவை, ஒவ்வொரு வெடிக்கும் புதுக் காகிதம் வைத்துச் சுட்டு, அந்த 30 அங்குல வட்டத்துக்குள் விழுந்த துளைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டாவை மாற்றினாலே தீர்ந்துவிடும் குறைக்காகக் குழலை அறுத்தவர்களை நான் அறிவேன். இந்தச் சோதனையைப் படங்களுடன் விளக்கும் கட்டுரை ஒன்றைப் பருவம் தொடங்கும் முன் தங்கள் பத்திரிகை வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
ஒன்ராறியோ